போலித் தோலின் மேற்பரப்பு: அதன் குறைகளும் செப்பனிடலும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விலங்கின் தோலினால் ஆக்கப்பட்ட பழைய இருக்கை ஒன்றையும், அதனைப் போலச் செய்யப்பட்ட செயற்கைத் தோலிருக்கை ஒன்றையும் ஒருசேர வைத்து நோக்கின், இரண்டும் மூப்படையும் முறை வேறென்பது புலனாகும். முன்னையது உட்காருமிடத்தில் மழுங்கி, கைபடுமிடத்திற் கறுத்து, மடிப்புகளிற் சுருக்கம் விழுந்து காணப்படும். பின்னையது நெடுநாள் புதிதாகவே தோன்றிப் பின்னர் வெடிக்கும், அல்லது பிசுபிசுக்கும், அல்லது செதில் செதிலாக உரிந்து உள்ளிருக்கும் துணியைக் காட்டும். எவரும் உட்காராது மூடி வைக்கப்பட்ட இருக்கையும், பெட்டியிலிருந்து எடுக்கப்படாத சப்பாத்தும் இவ்வாறே ஆவதுண்டு. பாவனையினாலன்றிக் காலத்தினாலேயே நேரும் இவ்வழிவை வணிக உலகம் மேற்பரப்புக் குறை என்றே பெயரிட்டு வந்துள்ளது. அப்பெயர் பொருத்தமானதன்று. குறை மேற்பரப்பிற் காணப்படினும் அதன் தோற்றுவாய் மேற்பரப்பை ஆக்கிய சேர்க்கையிலேயே உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இன்றுவரையுள்ள போலித் தோலின் வரலாறு இதனையே காட்டுகின்றது.

இயற்கைத் தோல் ஓர் இழைவலை. கொலாசன் எனும் புரத இழைகள் தடிப்பு முழுவதும் பின்னிக் கிடக்கின்றன. மேற்புறத்தில் அவை நுண்ணியனவாகவும் நெருக்கமாகவும், கீழ்ப்புறத்திற் பருமனாகவும் நெகிழ்வாகவும் அமைந்துள்ளன. மேற்பரப்பும் உட்பகுதியும் இரு வேறு பொருள்களல்ல. பதனிடுவோன் ஊட்டும் எண்ணெய் இழைகளுக்கிடையே தங்கி அவற்றை வழுக்கச் செய்கின்றது. அது குறையுமிடத்து மீண்டும் ஊட்டலாம். போலித் தோலின் நிலை வேறு. அடியில் ஒரு துணி, அதன்மீது ஒரு படலம், படலத்தின்மீது உண்மைத் தோலிலிருந்து அச்செடுத்த உருளையினாற் பதிக்கப்பட்ட புடைப்பு என்பனவே அதன் உறுப்புகள். படலமாக அமையத்தக்க பொருள்களுட் பல இயல்பாக விறைப்பானவை. தோல்போல மடிய வேண்டுமாயின் அவற்றுக்கு மென்மையை வெளியிலிருந்து கொடுத்தல் வேண்டும். கொடுக்கப்பட்ட மென்மை எத்தனை காலம் தங்கும் என்பதே இத்தொழிலின் தொடக்கம் முதல் இருந்துவரும் வினா. மூன்று முறை மூலப்பொருள் முற்றாக மாறியும் இவ்வினா மாறவில்லை.

இயற்கைத் தோல் குற்றமற்றதெனக் கொள்ளுதலும் தவறாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கட்டப்பட்ட நூல்களின் தோலட்டைகள் செந்தூளாக உதிரத் தொடங்கியமையும், இலண்டனிற் கலைக் கழகம் அதன் காரணத்தை ஆராய 1900ஆம் ஆண்டில் ஒரு குழுவை நியமித்தமையும் நூலகத் துறையினர் அறிந்தனவே. மலிவான பதனீட்டுமுறையும் நிலக்கரி வாயுவின் கந்தக அமிலமும் அவ்வழிவிற்குக் காரணங்களாயின. எனினும் அது பழைய தொழில்முறையினின்றும் விலகியதனால் விளைந்த கேடு. பழைய முறைக்குத் திரும்புதல் அதற்குப் பரிகாரமாயிற்று. போலித் தோலுக்கோ திரும்பிச் செல்வதற்குரிய பழைய முறையென ஒன்று இருக்கவில்லை.

கைத்தொழிற் புரட்சியின் விளைவாகப் பெருகிய நடுத்தர வகுப்பினர் தோலாசனம் பொருத்திய வண்டிகளையும் கதிரைகளையும் விரும்பினர். உண்மைத் தோலின் விலை அவர்களுட் பலருக்கு எட்டாதிருந்தது. இச்சந்தையை நோக்கி எழுந்ததே தோல்துணி. பருத்தித் துணியின்மேல், காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயோடு கரியும் பிற வண்ணப்பொருள்களும் கலந்த குழம்பைப் பல தடவை பூசி, ஒவ்வொரு பூச்சையும் உலர்த்தித் தேய்த்து, இறுதியில் வார்னிசு இட்டு இது ஆக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் நியூவேர்க் நகரைச் சேர்ந்த குறொக்கற் குடும்பத்தார் இதிற் பெயர்பெற்றனர். அவர்களது தொழில் 1850களில் இலண்டனுக்குக் கிழக்கேயுள்ள வெஸ்ற் ஹாமிலும் வேரூன்றியது.

இப்படலத்தின் நோய் அதன் பிறப்பிலேயே இருந்தது. ஆளிவிதை எண்ணெய் 'உலர்தல்' என்பது நீர் ஆவியாதல் போன்றதன்று. எண்ணெய் வளியிலுள்ள ஒட்சிசனை ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து திண்மமாகின்றது. அவ்விணைவு படலம் தொடுவதற்கு உலர்ந்துவிட்டது எனத் தொழிலாளி கருதும் வேளையில் நின்றுவிடுவதில்லை, ஆண்டுக்கணக்காகத் தொடர்கின்றது. துணியைப் பயன்படத்தக்கதாக்கிய அதே மாற்றம் மேலும் சென்று அதனை மஞ்சளாக்கி, விறைப்பாக்கி, மடிப்புகளில் வெடிக்கச் செய்தது. முற்றாக உலராத துணியோ வெப்பநாளில் ஒட்டிக்கொண்டது. சுருட்டி அடுக்கப்பட்ட எண்ணெய்த்துணி தானாகச் சூடேறித் தீப்பற்றுவதும் உண்டு. ஆயினும் இதனைச் செப்பனிடுதல் வண்டிகட்டுவோனுக்கு அரிய காரியமன்று. வெடிப்பைத் தேய்த்து, அதே எண்ணெய்க் குழம்பை மீண்டும் பூசி வார்னிசு இட்டால் புதிய பூச்சு பழையதன்மேற் பிடித்துக்கொள்ளும். பூசுபவனும் செப்பனிடுபவனும் ஒரே பொருளைக் கையாண்டனர் என்பது பின்னைய நிலையோடு ஒப்பிடுதற்குரிய செய்தியாகும்.

இக்காலத்துத் தோல்துணி பற்றிய வழக்கொன்று ஆங்கிலச் சட்டம் பயில்வோருக்கு நன்கு தெரிந்தது. குறொக்கற் குடும்பத்தாரின் தொழிலை விலைக்கு வாங்கிய தோல்துணிக் கம்பனி, தன் முத்திரையைப் போன்ற முத்திரையை இட்டதாக அமெரிக்கத் தோல்துணிக் கம்பனி என்னும் போட்டி நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. வாதியின் முத்திரையோ குறொக்கற்றாரே உற்பத்தியாளர் எனவும், துணி பதனிடப்பட்டது எனவும், காப்புரிமை பெற்றது எனவும் கூறிற்று. அம்முத்திரை இடப்பட்ட துணிகளுள் பதனிடப்படாதனவும் காப்புரிமைக்கு உட்படாதனவும் இருந்தன. தன் முத்திரையிலேயே பொய்யுரைப்பவன் அதற்கு நீதிமன்றத்தின் காவலைக் கோர முடியாதென 1863இல் வெஸ்ற்பெரி பிரபு வழக்கைத் தள்ளினார். 1865இல் பிரபுக்கள் சபையும் வாதிக்கு நிவாரணம் வழங்க மறுத்தது. வணிக முத்திரைச் சட்டத்தின் வளர்ச்சியில் இவ்வழக்கிற்குள்ள இடம் பெரிது. போலித் தோலின் வரலாற்றில் அதற்குள்ள இடம் அதனினும் பொருள் பொதிந்தது. இப்பண்டத்தைப் பற்றி நீதிமன்றத்தில் முதன்முதல் ஆராயப்பட்ட குறைகளுள் ஒன்று வெடிப்பன்று, பெயரே.

எண்ணெய்ப் படலத்தின் இடத்தை அடுத்துப் பற்றியது வெடிமருந்துச் சாலையிற் பிறந்த ஒரு பொருள். பருத்தியை நைத்திரிக்கமிலமும் சல்பூரிக்கமிலமும் கலந்த கலவையில் நனைத்துப் பெறப்படும் நைத்திரோசெலுலோசை 1846இல் ஷோன்பைன் வெளிப்படுத்தினார். அதனைக் கரைத்துத் துணியிற் பூசி நீர்புகாதாக்கும் முறைக்கு அலெக்சாந்தர் பார்க்ஸ் 1855இற் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் மான்செஸ்ரருக்கு அண்மையிலுள்ள ஹைட் என்ற ஊரிற் செய்யப்பட்ட இத்தகைய துணி றெக்சின் என்னும் பெயரைப் பெற்றது. புகையிரதப் பெட்டிகளிலும் மோட்டார் வண்டிகளிலும் புத்தக அட்டைகளிலும் அது பரவிற்று. தென்னாசியாவில் அப்பெயர் கம்பனியின் உடைமையாக நில்லாது, போலித் தோல் அனைத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது. இன்று கடையில் றெக்சின் எனக் கேட்டு வாங்கப்படுவதில் நைத்திரோசெலுலோசு ஓர் அணுவும் இராது.

அமெரிக்காவில் இம்மாற்றத்தின் பொருளாதாரப் பின்னணி தெளிவாகவே தெரிகின்றது. டூ பொன்ற் கம்பனி அந்நாட்டின் வெடிமருந்து உற்பத்தியைத் தன் கையில் வைத்திருந்தது. 1907இல் அரசு அதன்மேல் ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தது. அரசே புகையற்ற வெடிமருந்தைத் தன் சாலைகளிற் செய்யவும் முற்பட்டது. நைத்திரோசெலுலோசை வேறு எவ்வழியில் விற்பது என்பது கம்பனிக்கு வாழ்வுப் பிரச்சினையாயிற்று. 1910இல் நியூயோர்க் மாநிலத்தின் நியூபேர்க் நகரிலிருந்த பாப்ரிக்கோயிட் கம்பனியை அது விலைக்கு வாங்கியது. போலித் தோல் தோலின் பற்றாக்குறையினால் மட்டும் வளர்ந்ததெனக் கூறுவோர், மிகையாகிப்போன வெடிமருந்தும் அதனை வளர்த்தது என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

நைத்திரோசெலுலோசுப் படலம் தனியே விறைப்பானது. ஆமணக்கெண்ணெயைக் கலந்தே அதனை மடியச் செய்தனர். ஆமணக்கெண்ணெய் அதனோடு ஒன்றிக் கரைவதில்லை. இழைகளிடையே அடைபட்டுக் கிடக்கும் விருந்தாளியாகவே அது இருந்தது. வெப்பத்திலும் அழுத்தத்திலும் எண்ணெய் மேற்பரப்புக்குக் கசிந்து வியர்வைபோல் நின்றது. வளிபட்டுச் சிக்கு நாற்றமும் வீசிற்று. எண்ணெய் வெளியேறிய அளவிற்குப் படலம் விறைத்து வெடித்தது. இதனினும் ஆழமான கேடு மற்றொன்று. நைத்திரோசெலுலோசு தானாகவே மெல்லச் சிதைந்து நைதரசன் ஒட்சைட்டுகளை விடுகின்றது. அவை ஈரத்தோடு கூடி நைத்திரிக்கமிலமாகி அச்சிதைவையே மேலும் விரைவுபடுத்துகின்றன. அடியிலுள்ள பருத்தித் துணியையும் அரிக்கின்றன. பழைய திரைப்படச் சுருள்களை அழித்துவருவதும் இதே தாக்கமே. ஆகவே மேலே படலம் வெடித்திருக்குமிடத்தில் கீழே துணியும் வலுவிழந்திருப்பதைச் செப்பனிடுவோர் கண்டனர்.

இவ்வளவு குறைகளிடையேயும் ஒரு நன்மை இருந்தது. உலர்ந்த நைத்திரோசெலுலோசு தனக்குரிய கரைப்பானில் மீண்டும் கரையும். எனவே கரைப்பானிற் கலந்த புதிய பூச்சு பழைய படலத்தின் மேல்முகத்தைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றாயிற்று. சிறு வெடிப்புகள் மறைந்தன, நிறமும் மீண்டது. நூல் கட்டுவோர்க்கும் இப்பொருள் உவப்பாயிருந்தது. மாப்பசை ஊட்டப்பட்ட கட்டுத்துணியைக் கரப்பானும் பூஞ்சணமும் விரும்பி உண்பதுபோல் இதனை உண்பதில்லை. வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளின் நூலகங்களுக்கு இது சிறிய பேறன்று.

இரண்டாம் மகாயுத்தத்தின் பின் நைத்திரோசெலுலோசை ஒதுக்கியது பொலிவைனைல் குளோரைட்டு. அமெரிக்காவின் குட்றிச் கம்பனியில் இறப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசையொன்றைத் தேடிய வால்டோ செமொன், 1926இல் அப்பொருளைக் கொதிநிலை உயர்ந்த கரைப்பானிற் சூடாக்கியபோது, ஆறியதும் இறப்பர்போல் வளையும் ஒரு பொருளைக் கண்டார். தேடிய பசை கிடைக்கவில்லை. கிடைத்தது அதனினும் பெரிது. நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளிடையே புகுந்து அவற்றை ஒன்றையொன்று பற்றவிடாது விலக்கும் எண்ணெய் போன்ற திரவமே இங்கு மென்மை தருவது. அதனை இளக்கி எனலாம். தோல்துணிக்குரிய படலத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நிறை இளக்கியாகவே இருப்பதுண்டு. வாங்குவோன் கையிற் பிடித்திருப்பது பிளாத்திக்கு என்பதிலும், திரவம் ஊறிய பிளாத்திக்கு என்பதே சரியாகும்.

இளக்கி சங்கிலிகளோடு இரசாயனப் பிணைப்பால் இணைக்கப்படவில்லை. ஆதலால் அது செல்லத்தக்க வழிகளிலெல்லாம் சென்றது. வெயிலில் நிறுத்தப்பட்ட மோட்டார் வண்டியில் ஆவியாகி முகப்புக் கண்ணாடியிற் புகைபோற் படிந்தது. நைத்திரோசெலுலோசு வார்னிசு பூசிய மேசையின்மீது வைனைல் விரிப்பு கிடந்தால், இளக்கி அவ்வார்னிசினுட் புகுந்து அதனை இளக்கி ஒட்டச்செய்தது. பழைய போலித் தோலின் படலப்பொருளைப் புதிய போலித் தோல் இவ்வாறு கெடுத்தமை வரலாற்றின் நகைமுரண்களுள் ஒன்று. வெளியேறாது மேற்பரப்பில் தங்கியவிடத்துத் தூசியைப் பற்றிப் பிசுபிசுத்தது. இளக்கி குன்றிய படலம் சுருங்கித் தையலோரங்களை இழுத்தது. தையற்துளைகளே வெடிப்பின் தொடக்கமாயின. இதனோடு வெயிலும் வெப்பமும் படலத்திலிருந்து ஐதரசன் குளோரைட்டைப் பிரித்து மஞ்சளும் கபிலமுமாக்கின. அதனைத் தடுக்க ஈயமும் கட்மியமும் அடங்கிய நிலைப்படுத்திகள் நீண்டகாலம் சேர்க்கப்பட்டன.

ஈரலிப்பு மிக்க இடங்களில் தோன்றிய ஒரு கறை தொழிலறிஞரைப் பெரிதும் மயக்கிற்று. வெண்ணிற வைனைலில் இளஞ்சிவப்புத் திட்டுகள் உள்ளிருந்து எழுவனபோற் படர்ந்தன. சவர்க்காரமும் வெளிற்றுத்தூளும் அவற்றை அகற்றவில்லை. அடித்துணியில் வளரும் ஒருவகை நுண்ணங்கி ஆக்கும் சாயம் இளக்கியிற் கரைந்து, அதன் வழியே படலத்தை ஊடுருவி மேல்வருதலே காரணமெனப் பின்னர் தெளிவாயிற்று. மேற்பரப்பிற் கறை, ஆனால் மேற்பரப்பில் அழுக்கில்லை. இதற்குப் பரிகாரமாக ஆசனிக்கு அடங்கிய நுண்ணங்கிகொல்லியைப் படலத்திலேயே கலக்க வேண்டியதாயிற்று. ஒரு குறையைத் தீர்க்க மற்றொரு நஞ்சு சேர்ந்தது. இளக்கிகளாகப் பெருவழக்கிலிருந்த தலேற்றுகளுட் சிலவும் பின்னர் ஐயத்துக்குள்ளாகி, ஐரோப்பாவில் 2005ஆம் ஆண்டின் சட்டத்தினால் விளையாட்டுப் பொருள்களினின்றும் விலக்கப்பட்டன.

செப்பனிடும் தொழில் மிக உயர்ந்த நிலையை எய்தியது இவ்வைனைல் காலத்திலேயே எனலாம். வெப்பத்தால் இளகி ஆறி இறுகும் இயல்பு அப்பொருளுக்கு உண்டாதலின் அதனை மீண்டும் உருக்கி ஒட்ட முடிந்தது. முறை இதுவாகும். கிழிவின் சிதைந்த ஓரங்கள் வெட்டப்படும். மேற்பரப்பில் ஊறிய எண்ணெயும் மெழுகும் கரைப்பானால் துடைக்கப்படும். கிழிவினூடாக ஒரு துணித்துண்டு செருகப்பட்டு அடியில் ஒட்டப்படும். வைனைல் பசை மெல்லிய அடுக்குகளாக நிரப்பப்பட்டு, ஒவ்வோரடுக்கும் சூட்டினால் இறுக்கப்படும். ஈற்றடுக்கு இளகிய நிலையில் இருக்கும்போதே, அவ்விருக்கையின் பழுதற்ற பகுதியிலிருந்து எடுத்த புடைப்பச்சு அதன்மேல் அழுத்தப்படும். பின் நிறம் விசிறப்படும். கைதேர்ந்தவன் செய்த ஒட்டைக் கண்ணாற் கண்டுபிடித்தல் அரிது. ஆனால் சூழவுள்ள படலம் இளக்கியை இழந்து விறைத்திருக்குமாயின், புதிய பசையின் ஓரத்திலேயே அடுத்த வெடிப்புத் தோன்றும். வெட்டுக்கும் சிகரெட்டுச் சூட்டிற்கும் பரிகாரமான இம்முறை மூப்பிற்குப் பரிகாரமாகவில்லை.

இந்நிலையிற்றான் டூ பொன்ற் மீண்டும் அரங்கிற்கு வந்தது. தோலுக்குப் பெருந்தட்டுப்பாடு வருமென எதிர்பார்த்த அக்கம்பனி, பல்லாண்டு ஆராய்ச்சியின் பின் கொர்பாம் என்னும் பொருளை 1963இல் அறிவித்து 1964இற் சந்தைக்குக் கொண்டுவந்தது. பொலியெசுத்தர் இழைகளாலான அடியும், அதன்மேல் நுண்டுளைகள் நிறைந்த பொலியுரேத்தேன் மேற்படையும் கொண்டதாய், நீராவியைச் செல்லவிட்டு நீரைத் தடுப்பதாய் அது அமைந்தது. பொலியுரேத்தேனை ஜேர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் 1937இல் ஆக்கியிருந்தனர். இதில் மென்மை தரும் பகுதி சங்கிலியின் உறுப்பாகவே இணைந்திருப்பதால் இளக்கி தேவையில்லை. கசிவதற்கும் ஆவியாவதற்கும் எதுவுமில்லை. நூறாண்டுப் பிரச்சினை தீர்ந்துவிட்டதெனத் தோன்றிற்று.

கொர்பாம் சப்பாத்தின் மேற்பரப்பில் எவரும் பெருங்குறை காணவில்லை. துடைத்தாற் பளபளத்தது, மெருகு வேண்டவில்லை, நீருக்கு அஞ்சவில்லை. அது வீழ்ந்தது வேறு காரணத்தினால். இயற்கைத் தோல் அணிபவன் காலுக்கேற்ப நாளடைவில் இளகி உருக்கொள்ளும். கொர்பாமோ ஒவ்வோரிரவும் தன் பழைய வடிவத்துக்கே மீண்டது. காலையில் மீண்டும் கடித்தது. விலையும் உயர்வு. கீழிருந்து மலிவான வைனைல் சப்பாத்துகளும், மேலிருந்து உண்மைத் தோலும் அதனை நெருக்கின. 1971இல் டூ பொன்ற் அதனைக் கைவிட்டது. இழப்புப் பத்துக் கோடி டொலர் வரையில் என மதிப்பிடப்பட்டது. பொறித்தொகுதி போலந்துக்கு விற்கப்பட்டு அங்கு உற்பத்தி தொடர்ந்தது. மேற்பரப்பைக் குறையற்றதாக்குவதே தோலைப் போலச் செய்வதாகும் என்ற கருதுகோள் இங்குப் பிழைத்தது. தோலின் சிறப்பாக மக்கள் மதித்தவற்றுள் ஒன்று அது கெடும் முறையே ஆகும்.

அமெரிக்கர் கைவிட்ட வழியை யப்பானியர் தொடர்ந்தனர். அங்கு ரோறே கம்பனியின் மியோஷி ஒக்கமொட்டோ 1970இல் மிக நுண்ணிய இழைகளாலான மென்மயிர்த் தோலை உருவாக்கினார். அதில் உரிவதற்குரிய பளபளப்பான படலமே இல்லை. விலையுயர்ந்த அவ்வகை தன் வழியே செல்ல, பெருஞ்சந்தை வேறு திசையிற் சென்றது. துணியின்மீது தாளின் தடிப்பேயுடைய பொலியுரேத்தேன் படலத்தை ஒட்டி விற்கும் மலிவுப் பண்டமே உலகை நிறைத்தது. அதனைச் செய்வதற்குரிய கரைப்பானாகிய டைமெதைல் போமமைட்டு தொழிலாளரின் ஈரலைத் தாக்குவது என்பதும் மறக்கப்படலாகாது.

மலிவான பொலியுரேத்தேனின் மென்பகுதி பொலியெசுத்தரால் ஆனது. எசுத்தர்ப் பிணைப்பு ஒவ்வொன்றும் அமிலமும் அற்ககோலும் கூடி நீரை வெளிவிட்டு உண்டானது. நீர் மீண்டும் புகுமிடத்து அது பிரிந்து அமிலமும் அற்ககோலும் ஆகின்றது. இதுவே நீர்ப்பகுப்பு. பிறக்கும் அமிலம் அடுத்த பிணைப்பின் பிரிவை ஊக்குகின்றது. எனவே அழிவு தொடக்கத்தில் மெல்லவும் பின்னர் விரைவாகவும் நிகழும். பல ஆண்டு நன்றாயிருந்த இருக்கை ஒரே பருவத்தில் உரிந்து போவதன் காரணம் இதுதான். வெளியிலிருந்து நீர் ஊற்றப்படுதல் வேண்டியதில்லை. வளியின் ஈரலிப்பே போதும். தலையும் கையும் படுமிடங்களில் வியர்வையும் உடலெண்ணெயும் இதனை விரைவாக்குதலால் உரிதல் பெரும்பாலும் அங்கேயே தொடங்குகின்றது. வைனைலில் மென்மை வெளியேறிற்று. இங்கு மென்மை இருந்தவிடத்திலேயே முறிகின்றது.

இவ்வியல்பு பிற்காலத்திற் கண்டறியப்பட்டதன்று. வியற்னாம் யுத்தத்தின்போது, 1960களின் பிற்பகுதியில், அமெரிக்க வானூர்திகளின் மின்னிணைப்புகளை மூடிய பொலியெசுத்தர் வகைப் பொலியுரேத்தேன் தென்கிழக்காசியாவின் வெம்மையிலும் ஈரத்திலும் உருகிக் குழம்பாயிற்று. ஆய்வுகூடங்கள் காரணத்தை விளக்கின. படைத்துறை வேறு பொருளுக்கு மாறிற்று. பொலியீதர் வகை நீரைத் தாங்கும், ஆயின் ஒளியும் ஒட்சிசனும் அதனைத் தாக்கும். பொலிகாபனேற்று வகை இரண்டையும் தாங்கும், ஆயின் விலை கூடியது. செயற்கைத் தோல் தொழிலில் இன்று வழங்கும் சோதனையொன்று காட்டுச் சோதனை எனப்படும். 70 பாகை செல்சியசு வெப்பத்தில், 95 வீத ஈரலிப்பில், துண்டொன்றை வாரக்கணக்காக வைத்து அது உரிகின்றதா எனப் பார்ப்பர். மோட்டார் வண்டிக் கம்பனிகள் இச்சோதனையை வலியுறுத்துகின்றன. மலிவான கதிரை வாங்குவோனுக்காக அதனை வலியுறுத்துவார் எவருமிலர். வெப்பவலயத்தின் பெயரால் ஒரு சோதனை இருந்தும், அவ்வலயத்து வீடுகளுக்கு அனுப்பப்படும் பண்டம் அச்சோதனையைக் காணாமலே வருவது விஞ்ஞானத்தின் குறைபாடன்று, விலைக்கணக்கின் விளைவாகும்.

இதனோடு சேர்ந்து வந்தது கூட்டுத்தோல். தோற்சாலைக் கழிவுகளை அரைத்து, பசையிற் பிணைத்து, துணியில் ஏற்றி, மேலே பொலியுரேத்தேன் படலமிட்டு ஆக்கப்படுவது அது. அடியில் தோற்றூள் இருந்தமையால் பெயரில் தோல் என்னுஞ் சொல்லும் இடம்பெற்றது. வாங்கியவன் தொட்டதும் பின்னர் உரிந்ததும் அத்தோலன்று, மேலிருந்த படலமே. அமெரிக்க வணிக ஆணைக்குழு 1996இல் வெளியிட்ட வழிகாட்டி, இத்தகைய பொருளில் தோலிழை எத்தனை வீதம் என்பதைக் குறிப்பிடுதல் வேண்டுமெனக் கூறிற்று. வெஸ்ற்பெரி பிரபு முத்திரையிற் கண்ட பொய்க்கும் இதற்கும் இடையே 133 ஆண்டுகள் கழிந்திருந்தன.

உரிந்த பொலியுரேத்தேனைச் செப்பனிடுதற்கெனத் திரவங்களும் ஒட்டுத்தாள்களும் கடைகளில் விற்கப்படுகின்றன. தோலுக்குரிய எண்ணெயைப் பூசுவோரும் உளர். எண்ணெய் உட்புகுந்து ஊட்டுதற்கு இழைவலை எதுவும் அங்கில்லை. தேங்காயெண்ணெய் போன்றவை படலத்தை மேலும் ஊதச்செய்தலும் கூடும். புதிய நிறப்பூச்சு படலத்திற் பிடிக்கின்றது என்பது உண்மை. ஆனால் அப்படலம் துணியைப் பிடித்திருக்கவில்லை. சில மாதங்களிற் புதிய பூச்சு பழைய செதிலைச் சுமந்துகொண்டே உதிர்கின்றது. ஆளிவிதை எண்ணெய்க்கு எண்ணெயும், நைத்திரோசெலுலோசுக்குக் கரைப்பானும், வைனைலுக்குச் சூடும் செப்பனிடும் வழிகளாயிருந்தன. முறிந்த சங்கிலிக்கு அத்தகைய வழி இல்லை. 1960களின் ஆடைகளையும் அணிகளையும் காக்கும் நூதனசாலைகளும் பொலியுரேத்தேனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முயல்வதில்லை. குளிர்ந்த, உலர்ந்த, இருண்ட அறையில், மடிக்காது வைத்து அழிவைத் தாமதிக்கின்றன; அழியுமுன் நிழற்படமெடுத்து விவரங்களைப் பதிந்து கொள்கின்றன.

கதிரை தைப்போரின் தீர்ப்பும் இதுவே. உரிந்த உறையை அவர்கள் பூசுவதில்லை. தையலைப் பிரித்து, துண்டு துண்டாகக் கழற்றி, ஒவ்வொன்றிலும் அடையாளமிட்டு, புதிய துணியின்மேற் பரப்பி அதன் ஓரத்தை வரைந்து வெட்டுகின்றனர். மேற்படலம் முழுவதும் போயிருப்பினும் அடித்துணி தன் வடிவத்தைக் காத்திருக்கும். அளவெடுக்க அதுவே போதுமானது.